இரண்டு நிசிபிஸ்

என் அண்ணி ஷல்மத் எதையும் இரண்டு தரம் கேட்பாள். காது நன்றாகவே கேட்கும். முதல் தரம் சொல்வது வாய்க்கு வந்தது, இரண்டாம் தரம் சொல்வதுதான் உள்ளபடி உள்ளது என்று அவளுக்கு ஓர் எண்ணம். பாரசீகத்தை ஒட்டிய ரோமர் எல்லை ஊரான நிசிபிஸில் எங்கள் சந்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தது அவள்தான். பிசைந்த மாவோடு வரும் பெண்களிடம் உப்புப் போட்டாயிற்றா என்று கேட்பாள். போட்டாயிற்று என்பார்கள். மறுபடி கேட்பாள். அப்போதுதான் பாதிப் பேர் நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு, எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதில் கிடைக்காத ஒரு பத்து வருஷம் வந்து வாய்த்தது. நான் அவள் கொழுந்தன் ஸப்தாய். கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

என் அண்ணன் மானு கொத்தனார். பாரசீக மன்னன் ஆற்றை மறித்து, தண்ணீரைத் திருப்பிவிட்டு எங்கள் மதிலை இடித்தானே, அந்த முற்றுகையில் ஊரே சேர்ந்து இடிந்த இடத்தை எழுப்பியது. அண்ணன் அப்போது இளவட்டம். அவனும் கல் சுமந்தான். அது முடிந்து சில வருஷம் கழித்து மலைப்பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் பெண் கேட்டுப் போனோம். அண்ணனுக்கு இடது காதில் பாதிதான் உண்டு. சிறுவயதில் கழுதை கடித்தது. பெண் வீட்டில் எல்லோரும் அதைப் பார்க்காதது போல இருந்தார்கள். ஷல்மத் மட்டும், அந்தக் கழுதை இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, விற்றுவிட்டோம் என்று அண்ணன் சொன்னான். "வித்தாச்சா?" என்றாள் மறுபடி. அண்ணன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

கல்யாணம் ஆன மூன்றாம் வருஷம் ஆமித் நகரத்து மதிலைப் பலப்படுத்த ஆள் வேண்டும் என்று அழைத்தார்கள். அண்ணி அப்போது முழுகாமல் இருந்தாள். திராட்சை அறுப்புக்குள் வந்துவிடுகிறேன் என்று அண்ணன் கிளம்பிப் போனான். அந்தக் கோடையில் பாரசீகர்கள் எங்களை விட்டுவிட்டு ஆமித்தைச் சூழ்ந்துகொண்டார்கள். கோடை முழுவதும் செய்தி இல்லை. இலை உதிரும் காலத்தில் ஆமித் விழுந்தது என்று மட்டும் தெரிந்தது.

தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். கோவேறு கழுதை ஓட்டும் ஷம்னாய் வந்து, மானு மதில் வாசலுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றான். நாங்கள் அழுது முடிப்பதற்குள் நெசவுக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். கயிற்றில் கட்டிக் கிழக்கே ஓட்டிக்கொண்டு போன வரிசையில் மானு போனதைப் பார்த்தாளாம். வெங்காயம் கடித்துக்கொண்டே நடந்தானாம். அண்ணனுக்குப் பச்சை வெங்காய வாடையே ஆகாது.

"பச்சை வெங்காயமா?" என்றாள் அண்ணி.

"ஆமாக்கா. நல்லா பாத்தேன்."

"பச்சை வெங்காயமா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "ஏதோ ஒண்ணைக் கடிச்சாருக்கா. பசில எது கெடைச்சாலும் கடிக்க மாட்டாங்களா?"

அன்றிலிருந்து அண்ணி விதவையும் இல்லை, கட்டியவளும் இல்லை. எங்கள் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் இறந்தவர்கள் பெயரை ஒரு முறையும், சிறைப்பட்டவர்கள் பெயரை ஒரு முறையும் வாசித்து வேண்டுவார்கள். அண்ணி ஒரு வாரம் மானுவை இறந்தவர்களோடு சேர்க்கச் சொல்வாள். அடுத்த வாரம் ஓடிப் போய், வேண்டாம், சிறைப்பட்டவர்களோடு சேருங்கள் என்பாள். பெயர் வாசிக்கும் திருத்தொண்டர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் ஒருநாள் பொறுமை போயிற்று. ஏதாவது ஒரு முடிவுக்கு வா அம்மா என்றார்.

"முடிவு என் கைலயா இருக்கு, சாமி?" என்று கேட்டாள் அண்ணி. அதற்கப்புறம் அவர் இரண்டு இடத்திலும் மானுவின் பெயரை வாசித்துவிடுவார்.

குளிர்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. நுஹ்ரா என்று பெயர் வைத்தோம். எங்கள் மொழியில் வெளிச்சம்.

குழந்தை ஓடியாடும் வயதில் புது ரோமச் சக்கரவர்த்தி பெரும் படை திரட்டிக்கொண்டு பாரசீகத்துக்குள் இறங்கினார். அவர் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர். எங்கள் ஊர்க்காரர்கள் உதவி கேட்டுப் போனபோது, மூடிய பழைய கோயில்களைத் திறங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியவர். ஆனாலும் அண்ணி அவருக்காக வேண்டிக்கொண்டாள். சிறைப்பட்டவர்களைக் கொண்டுபோனதாகச் சொன்ன சூசாவரைக்கும் படை போனால் அடைபட்டவர்களை எல்லாம் விடுவிப்பார்கள் அல்லவா. வேண்டலாமா கூடாதா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? நம்மவர் ஜெயித்தால் நல்லதுதானே அண்ணி என்றேன்.

கோடை முடிவில் படை திரும்பி வந்தது. படை என்று அதைச் சொல்ல முடியாது. கண்கள் குழிவிழுந்த சிப்பாய்கள், குதிரையைத் தின்றுவிட்டுச் சேணத்தைச் சுமந்து வந்தவர்கள். போன சக்கரவர்த்தி பிணமாக வந்தார். அவர் இடத்துக்கு வந்த இன்னொருவர் ஊருக்கு வெளியே கூடாரம் அடித்துக்கொண்டு, எங்கள் பெரியவர்கள் எவ்வளவு கெஞ்சியும் உள்ளே வரவில்லை. ஏன் வரவில்லை என்று எங்களுக்குப் புரியவில்லை. விடிந்ததும் புரிந்தது. கோட்டை உச்சியில் பாரசீகக் கொடி பறந்துகொண்டிருந்தது.

எங்கள் மதிலில் ஒரு கல் பெயரவில்லை. ஒரு அம்பு வரவில்லை. மூன்று முற்றுகைகளில் தோற்காத ஊரைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், படை வீடு திரும்ப வழிவிட்டதற்குக் கூலியாக. ஊர்ப் பெரியவர்கள் போய் மன்றாடினார்கள். சிப்பாய் வேண்டாம், தானியம் வேண்டாம், எங்களை விட்டுவிடுங்கள், நாங்களே காத்துக்கொள்கிறோம் என்றார்கள். நடக்கவில்லை. மூன்று நாளில் அத்தனை பேரும் ரோமர் எல்லைக்குப் போய்விட வேண்டும், நின்றவர் தலை போகும் என்று தண்டோரா போட்டார்கள். தண்டோரா போட்டவர்கள் எங்கள் சிப்பாய்கள்.

பெண்கள் வாசற்படியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி ஒன்றையும் எடுத்து வைக்காமல் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஸப்தாய், எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. உங்க அண்ணன் இருக்கிறது பாரசீகர் நாட்டுல. இந்த ஊரும் இப்ப பாரசீகர் ஊரு. அப்ப அவரு இனிமே இங்க வரலாம். அவரு வரக்கூடிய நேரத்துல நாம ஏன் போறோம்?"

நான் கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டேன். நாலு வருஷமாக அந்த மனிதன் வரவேண்டும் என்று வேண்டியவள் அவள். ஊர் கைமாறிய செய்தியில் எல்லோரும் இடிந்துபோய் இருக்க, அவள் ஒருத்திக்கு மட்டும் அதில் ஒரு வாசல் திறந்திருந்தது. அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தையை என் மனைவியிடம் விட்டுவிட்டுக் கோட்டை வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பாரசீகப் பிரபுவின் துபாஷி நிழலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான். எங்கள் மொழியையே கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசினான். இங்கேயே இருக்கலாமா என்று அண்ணி கேட்டாள்.

"தாராளமா இரும்மா. எங்க ராஜாவுக்கு ஆள் இருந்தா நல்லதுதான். காலி ஊரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"இருக்கலாமா?"

"நான் சொல்லி என்ன? உங்காளுங்கதான் விட மாட்டாங்க. அதோ நிக்கிறான் பாரு, அவனைக் கேளு."

பத்தடி தள்ளி நின்ற ரோமச் சிப்பாயிடம் கேட்டோம். அவனுக்கு எங்கள் மொழி தெரியாது. சாலையைக் காட்டினான், பிறகு தன் வாளைக் காட்டினான். எதிரி இரு என்கிறான், நம்மவன் போ என்கிறான். அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

கடைசியில் போனோம். வண்டிகள் போதவில்லை. சாலை ஓரமெல்லாம் ஆட்டுக்கல், தொட்டில், பாய் என்று மனிதர்கள் சுமக்க முடியாமல் போட்ட சாமான்கள். அண்ணி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எதிரே யாராவது வருகிறார்களா என்றுதான் பார்த்தாள்.

எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் ஆமித். அண்ணனைத் தொலைத்த அதே ஊர், பாரசீகர்கள் சூறையாடிவிட்டுப் போன பிறகு மறுபடி ரோமர் கைக்கு வந்திருந்தது. கறுப்புக் கல் மதிலுக்கு வெளியே எங்களுக்கென்று ஒரு குடியிருப்பை வளைத்துச் சுவர் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கு நிசிபிஸ் என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் மனம் ஆறட்டும் என்று நினைத்திருப்பார்கள். அதனால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. சந்தையில் எந்த ஊர் என்று கேட்டால் நிசிபிஸ் என்போம். எந்த நிசிபிஸ் என்பார்கள். நிசிபிஸிலிருந்து வந்த நிசிபிஸ் என்று சொல்லி நாங்களே சிரித்துக்கொள்வோம். பிறகு சிரிப்பும் நின்றுவிட்டது.

அண்ணி அங்கேயும் அடுப்புப் போட்டு ரொட்டி சுட்டாள். நுஹ்ரா வளர்ந்தாள். ஆமித் மதிலில் பழுதுபார்த்த இடங்களை அண்ணி சில சமயம் நின்று பார்ப்பாள். எது மானு வைத்த கல் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

எங்கள் குடியிருப்பில் ஹப்பீப் என்று தோல் வேலைக்காரர் ஒருவர் இருந்தார். கடிவாளமும் சேண வாரும் செய்வார். மனைவி வரும் வழியில் காய்ச்சலில் போய்விட்டாள். மெதுவாகப் பேசுகிறவர். அவர் பேசி முடிப்பதற்குள் ரொட்டி கருகிவிடும் என்று என் மனைவி கேலி செய்வாள். தினமும் வந்து ரொட்டி வாங்குவார், ஒருநாள் நுஹ்ராவுக்குச் செருப்புத் தைத்துக் கொண்டுவந்தார். இரண்டு வருஷம் போன பிறகு என்னிடம் வந்து, உங்கள் அண்ணியைக் கேட்கலாமா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

அண்ணிக்கு மனம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் யார் என்பதே தெரியவில்லையே. நகர மன்றத்தில் சட்டம் தெரிந்தவர் ஒருவரிடம் போனோம். எதிரி கையில் சிக்கிய அன்றே அந்தத் திருமணம் முறிந்தது, அதுதான் ரோமச் சட்டம் என்றார் அவர்.

"எனக்கே தெரியாமயா?" என்றாள் அண்ணி.

திருத்தொண்டரிடம் போனோம். ஊரோடு அவரும் வந்திருந்தார். கணவன் உயிரோடு இருக்கும்வரை நீ மனைவிதான், மன்றத்தில் என்ன சொன்னாலும் செல்லாது, செத்ததற்குச் சாட்சி இருந்தால் பார்க்கலாம் என்றார். கழுதைக்கார ஷம்னாயைக் கூப்பிட்டோம். செத்துக் கிடந்ததைப் பார்த்தேன் என்று தேவாலயத்தில் நின்று சொன்னான். அண்ணி வழக்கம்போல மறுபடி கேட்டாள். முகமெல்லாம் சேறு, ஆனால் கொத்தனார் அங்கி போட்டிருந்தான் என்று இழுத்தான். ஆமித்தில் அன்று செத்த கொத்தனார்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் திருத்தொண்டருக்கு முதல் தரம் சொன்னதே போதுமாக இருந்தது. அறுப்பு முடிந்து கல்யாணம் என்று நாள் குறித்தோம்.

அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஹப்பீப் ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அடுப்படிக்கு வந்தார். முகம் சரியில்லை. எல்லை தாண்டிப் போய்வரும் வணிகன் ஒருவன் கடிவாளம் வாங்க வந்தானாம். பழைய நிசிபிஸில் குளியல் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், அதாவது எங்கள் பழைய சந்தில், தங்குவானாம். அங்கே ஒரு கொத்தனார், உங்களைப் போலவே பேசுகிறான், பிறந்ததே இங்கேதான் என்கிறான் என்று பேச்சுவாக்கில் சொன்னானாம். ஹப்பீப் அவனைக் காது பற்றிக் கேட்டிருக்கிறார்.

"ஒரு காது பாதிதான்னு சொன்னான்" என்றார் ஹப்பீப்.

"எந்தக் காது?"

"வலதுன்னான்."

"வலதா?"

"அவனுக்கே நிச்சயமில்ல. நானும் ரெண்டு தரம் கேட்டேன், ஷல்மத்." முதல் முறையாக அவள் பெயரைச் சொன்னார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. என் கோவேறு கழுதையைக் கூட்டிட்டுப் போங்க. கொஞ்சம் வாரு கட்டித் தரேன், விக்க வந்தவங்க மாதிரி போனா எல்லையில கேக்க மாட்டாங்க."

அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் சில வாரத்தில் கல்யாணம் முடிந்திருக்கும். வழியெல்லாம் அண்ணி அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். மானு உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் வேண்டினேன், இப்போது என்ன வேண்டுவது என்று தெரியவில்லை என்றாள். எனக்கும் அதே நிலைதான். அவன் என் கூடப் பிறந்தவன். ஆனால் ஹப்பீப்பின் கழுதைமேல் ஏறிக்கொண்டு அவனைத் தேடிப் போவது ஏதோ தப்புச் செய்வது போல உறுத்தியது.

மதில் அப்படியே இருந்தது. தெருக்கள் அப்படியே இருந்தன. பேச்சு மட்டும் வேறு. எங்கிருந்தோ கொண்டுவந்து குடியேற்றிய ஜனங்கள், குழந்தைகள் வரைக்கும் பாரசீக மொழியில் கத்திக்கொண்டு ஓடினார்கள். எங்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இரண்டு முறை சந்து தவறிப்போனோம்.

அண்ணி தன் வீட்டு வாசலில் நின்றாள். கதவைத் தட்டுவதா, தள்ளிக்கொண்டு போவதா என்று தெரியாமல் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். நான் தட்டினேன்.

இடுப்பில் ஒரு ஆண் குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள். பெயர் தேனக் என்று பிறகு தெரிந்தது. பாரசீகத்தில் இஸ்தக்கர் ஊர்ப் பக்கத்துக்காரி, குடியேற வந்த இடத்தில் புருஷனை இழந்தவள். எங்களைப் பார்த்துவிட்டு, யார் வேண்டும் என்று உடைந்த உடைந்த எங்கள் மொழியில் கேட்டாள். அண்ணி, தண்ணீர் என்றாள். தேனக் உள்ளே அழைத்து, எங்கள் வீட்டுத் திண்டிலேயே எங்களை உட்காரவைத்து, எங்கள் கிணற்றுத் தண்ணீரையே மொண்டு கொடுத்தாள். பழைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தீ தணிவதைப் பார்த்ததும் அண்ணி பழக்கதோஷத்தில் எழுந்து போய்க் குனிந்து ஊதப் போனாள். தேனக் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். அவர்களுக்குத் தீயில் வாய்க்காற்று படக்கூடாது. ஒரு விசிறியை எடுத்து நீட்டினாள். இரண்டு பேரும் அப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அண்ணன் உள்ளே வந்தான்.

சுண்ணாம்பு அப்பிய கை. பாதி இடது காது. முதலில் என்னைத்தான் பார்த்தான். ஸப்தாய் என்று மெதுவாகச் சொன்னான். பிறகு அண்ணியைப் பார்த்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"உசிரோட இருக்கியா?" என்றாள் அண்ணி.

அவன் தலையாட்டினான்.

இன்னொரு தரம் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

அவன் சொன்னது இது. சூசாப் பக்கம் அரண்மனை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி வற்புறுத்தினார்கள், மறுத்துவிட்டான். நிசிபிஸ் பாரசீகர் கைக்கு வந்துவிட்டது, குடியேற ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்த மதிலை நான் அறிவேன் என்று சொல்லி முதல் ஆளாகப் பேர் கொடுத்தான். வீட்டுக்குப் போகிறோம் என்று வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தானாம். வந்து பார்த்தால் ஊரே காலி. எங்கள் வீட்டில் புழுதி.

"வர்ற வணிகனுங்க ஒருத்தனை விடல நான்" என்றான் அண்ணன். "நிசிபிஸ் ஜனங்க எங்கேன்னு கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னானுங்க, நிசிபிஸ்லன்னு. நான் நிக்கிறதே நிசிபிஸ்லடா, இங்க ஒருத்தரும் இல்லையேடான்னா சிரிச்சுட்டுப் போயிடுவானுங்க. பைத்தியம்னு நெனைச்சானுங்க. எனக்கே கொஞ்ச நாள்ல சந்தேகம் வந்துருச்சு."

அந்தக் குடியிருப்புக்குப் பெயர் வைத்தவர் யாரோ, அவர் முகம்கூட எங்களுக்குத் தெரியாது.

வழியில் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று கடைசியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு இரண்டு குடும்பம் என்று வகுத்தபோது மறுபாதியில் தேனக்கை வைத்தார்கள். இரண்டு வருஷம் நடுவில் ஒரு திரை தொங்கியது, பிறகு ஒருநாள் தொங்கவில்லை, அப்புறம் இந்தப் பையன் பிறந்தான் என்றான். தப்பி எல்லை தாண்டவும் வழியில்லை. ஒரு கொத்தனார் ஓடினால் மற்றவர்கள் கை போகும்.

இதற்குள் தேனக் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். சத்தம் போடவில்லை. உள்ளே போய்த் தன் துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். அண்ணி எழுந்து போய் அந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். தேனக் மறுபடி கட்டினாள். அண்ணி மறுபடி அவிழ்த்தாள். கடைசியில் இரண்டு பேரும் அந்தத் துணிக் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"நீங்க இருங்க" என்றாள் தேனக். "பெரிசு வீடு. எங்க ஊர்ல ரெண்டு பொண்டாட்டி இருக்கும். பாவம் இல்ல. மூத்தவ நீங்க."

சில நாள் அங்கே தங்கினோம். அண்ணி உண்மையாகவே அதை யோசித்தாள் என்று நினைக்கிறேன். காலையில் தேனக்கோடு சேர்ந்து ரொட்டி சுட்டாள், விசிறியால் தீ வளர்த்தாள், அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டினாள். அண்ணன் நுஹ்ராவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பான். எப்படி நடப்பாள், யாரைப் போலப் பேசுவாள், எதற்குக் கோபப்படுவாள். பதில் கேட்கக் கேட்க முகத்தை மூடிக்கொள்வான். ஆனால் அண்ணியும் அவனும் தனியே இருக்க நேர்ந்தால் விருந்தாளிகளைப் போல விலகி உட்கார்ந்தார்கள்.

கடைசி நாள் என்னையும் தேனக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணி பேசினாள்.

"என்னைத் தேடுனியேன்னு சந்தோஷம். உன் மேல எனக்குக் கோவம் இருக்கா இல்லையான்னு தெரியல. தேடிப் பாத்துட்டேன், அகப்படல. ஆனா நுஹ்ராவை இங்க கொண்டுவந்து இந்தப் பாஷைல வளக்க எனக்கு மனசு வரல. நான் இங்க இருந்தா தெனமும் இவ மூட்டை கட்டுவா, நான் அவுப்பேன். அங்க ஒரு மனுஷன் காத்துக்கிட்டிருக்காரு. நீ இருக்கிற சேதியை ஓடி வந்து சொன்னதே அவருதான்."

அண்ணன் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "நான் செத்துட்டேன்னு சொல்லிடு, ஷல்மத். உனக்கு வசதியாயிருக்கும்" என்றான்.

"பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் உண்மை தெரியாமதான் செத்தேன்."

ஆமித்துக்கு வந்ததும் எல்லோர் முன்னாலும் உள்ளதைச் சொன்னாள். திருத்தொண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மானு உயிரோடு இருக்கிறான், ஆகவே கல்யாணம் கிடையாது என்றார். மன்றத்துச் சட்டக்காரரோ, அது முறிந்து ஒன்பது வருஷமாயிற்றே என்றார். ஹப்பீப் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவரு நல்லா இருக்காரா?" இருக்கிறார் என்றாள். அப்படியா, நல்லது என்றார். பிறகு மெதுவாக, தான் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் அண்ணி. அவர் முகம் வாடிப்போனது. காத்திருக்க வேண்டாம், நாளைக்கே மன்றத்துக்குப் போகலாம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

நான்தான் சாட்சி. மானுவின் தம்பி, மானுவின் மனைவியின் கல்யாணத்துக்கு. அன்றிலிருந்து ஹப்பீப்பை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு ஒரு தவிப்பு. ஒருநாள் வாய் தவறி அண்ணே என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டார், அப்படியே நிலைத்துவிட்டது.

தேவாலயத்தில் அண்ணியை உள்ளே விடவில்லை. நற்கருணை கிடையாது, பாவத்துக்கு வருந்துகிறவர்களோடு வாசலில் நிற்க வேண்டும் என்று தீர்ப்பு. மழையிலும் பனியிலும் போய் நின்றாள். ஹப்பீப் தனக்கு அந்தத் தண்டனை இல்லாதபோதும் கூடவே நின்றார். ஒரு ஞாயிறு திருத்தொண்டர் வெளியே வந்து, நீ வருந்துகிறாயா, சொல், உள்ளே கூட்டிப்போக எனக்கும் ஆசைதான் என்றார்.

"எதுக்குன்னு சொல்லுங்க சாமி, வருத்தப்படுறேன்" என்றாள் அண்ணி. "அவரை விட்டதுக்கா, இவரைக் கட்டுனதுக்கா, போய்ப் பாத்ததுக்கா, பொய் சொல்லாததுக்கா?"

அவள் வாதாடவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அவர் கண் கலங்கிப்போய் உள்ளே சென்றுவிட்டார். சில வருஷம் கழித்து அவர் காலமானார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு இந்தக் கதையே தெரியாது. ஏனம்மா குளிரில் நிற்கிறாய், உள்ளே வா என்று அழைத்துப் போய்விட்டார்.

நுஹ்ரா பெரியவளாகி, கல்யாணத்துக்கு முன்னால் என்னோடு ஒருமுறை வந்து தகப்பனைப் பார்த்தாள். அண்ணன் வாங்கி வைத்திருந்த மாதுளம்பழங்களை ஒவ்வொன்றாக உடைத்து அவள் முன்னால் வைத்துக்கொண்டே இருந்தான். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. தேனக்தான் பேசினாள்.

அண்ணி ஒரு வசந்தத்தில் நெஞ்சுச் சளி கண்டு படுத்து, எழுந்திருக்கவில்லை. ஹப்பீப் கடைசிவரை அவளுக்குக் கஞ்சி ஊட்டினார். அந்தச் செய்தியைச் சொல்ல நான்தான் எல்லை தாண்டிப் போனேன். அண்ணன் மதில் ஓரம் சாரத்துக்குக் கீழே வேலையில் இருந்தான். சொன்னதும் கையில் இருந்த சாந்துக் கரண்டியை இறக்கி வைத்தான். வீட்டுக்குப் போனோம். தேனக் கேட்டுவிட்டு அழுத அழுகையை அந்தச் சந்தே எட்டிப் பார்த்தது. அண்ணியோடு அவள் சேர்ந்து இருந்தது ஒரு சில நாள்தான்.

சாப்பிடும்போது அண்ணன் கேட்டான். "யாரு சம்சாரம்னு சொல்லி அடக்கம் பண்ணீங்க?"

"ஷல்மத்னு மட்டும் சொன்னோம்ணே."

அவன் தலையாட்டினான். நுஹ்ராவின் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்தான். சுண்ணாம்பு காய்ந்துவிடும் என்று சொல்லி எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனான்.